மலையின் உயரம் பார்த்து விதைக்கும் பைன்

கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலைச்சரிவில் நிலம் வைத்திருப்பவர் பைன் நாற்று வாங்கப் போனால், எத்தனை நாற்று வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே, அவருடைய நிலம் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்பார்கள். 3,000 அடி என்றால் ஒரு மூட்டை விதை; 5,000 அடி என்றால் வேறு மூட்டை. இரண்டும் ஒரே இன மரத்தின் விதைதான். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. ஓரடி வளர்ந்த நாற்றிலும் சட்டென்று பிடிபடாது. வித்தியாசம் முழுவதும் வெளிப்பட இருபது, முப்பது ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் நட்டவருக்கு வயதாகிவிடும். பிடுங்கி மாற்றி நடுவதும் நடக்கிற காரியமல்ல.

சில ஆண்டுகளாக இந்தக் கேள்வி அங்கே மிக அவசரமான கேள்வியாகிவிட்டது. 2021 ஆகஸ்டு 14 அன்று எல்டொராடோ கவுண்டியின் காடுகளில் பற்றிய தீ, இரண்டு மாதங்களுக்கு மேல் எரிந்து, 2,20,000 ஏக்கருக்கு மேல் அழித்தது. 'கால்டர் தீ' என்று அதற்குப் பெயர். கிரிஸ்லி ஃபிளாட்ஸ் என்ற சிற்றூரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. கீழ்மலையில் தொடங்கிய நெருப்பு, 7,000 அடிக்கு மேலுள்ள முகட்டையும் தாண்டி மறுபக்கம் இறங்கியது. இப்படி அடியிலிருந்து முகடு வரை எரிந்துபோன மலையில் திரும்பவும் மரம் நடவேண்டும். எந்த இடத்தில் எந்த விதையை நடுவது?

இதற்குப் பதில் சொல்வதற்கான ஒரு பழைய பரீட்சை, அந்தத் தீ எரிந்த அதே கவுண்டியில், 1938-ஆம் ஆண்டிலேயே நடப்பட்டிருந்தது.

கனத்த மரம்

பாண்டரோசா பைன் என்பது மேற்கு வட அமெரிக்காவின் முக்கியமான ஊசியிலை மரம். கனடாவின் தென்மேற்கிலிருந்து மெக்சிகோ வரை மலைகளில் பரவியிருக்கிறது. 1826-இல் இந்த மரத்தைக் கண்ட ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் டக்ளஸ், அதன் கனத்த கட்டையைப் பார்த்துக் 'கனமானது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லைப் பெயராக வைத்தார். கதவு, ஜன்னல், பெட்டி முதலியவற்றுக்கு இந்த மரம் பெரிதும் பயன்படுகிறது. முதிர்ந்த மரத்தின் பட்டை ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில், ஆமை ஓடு போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். வெயில் ஏறிய வேளையில் பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்தால் வனிலா வாசனை வரும். தடித்த இந்தப் பட்டையும், கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும் குணமும், தரையோடு ஓடும் சிறு தீயிலிருந்து மரத்தைக் காப்பாற்றிவிடும். கால்டர் தீயைப் போல உச்சியைப் பிடித்து எரியும் பெருந்தீக்கு இந்தக் கவசம் போதாது.

கொடைக்கானலுக்குப் போனவர்கள் பைன் தோப்பைப் பார்த்திருப்பார்கள். அவை வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை. பாண்டரோசாவுக்கு உறவினம் எனலாம். ஊசி போன்ற இலை, செதில் செதிலான கூம்புக்காய், பிசின் ஆகிய குடும்ப அடையாளங்கள் அவற்றுக்கும் உண்டு.

இத்தனை பெரிய பரப்பில் வாழும் மரம் எங்கும் ஒரே மாதிரி இருக்குமா? இராது. பசிபிக் கடலை நோக்கிய மலைகளில் ஒரு கற்றைக்கு மூன்று ஊசிகள் இருக்கும். அவை நீளமாகவும் இருக்கும். கிழக்கே ராக்கி மலைகளுக்குப் போனால் கற்றைக்கு இரண்டு ஊசிகள் என்பது சாதாரணம். ஊசியும் கூம்பும் சிறியவை. கிழக்கத்தி மரம் கடுங்குளிரைத் தாங்கும். மேற்கத்தி மரம் வேகமாக வளரும்.

பிசினிலும் வேறுபாடு உண்டு. பாண்டரோசாவின் பிசினில் ஐந்து முக்கியமான வாசனைப் பொருள்கள் உள்ளன. அவற்றின் விகிதம் பிரதேசத்துக்குப் பிரதேசம், ஏன், பக்கத்துப் பக்கத்து மரத்துக்கே கூட மாறும். இது வெறும் வாசனை விஷயமல்ல. எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனின் என்ற பொருள் பிசினில் கூடுதலாக இருந்தால், பட்டையைத் துளைக்கும் வண்டுக்கு அது நஞ்சு.

பிசினைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. பாண்டரோசாவைப் போலவே தோற்றமளிக்கும் ஜெஃப்ரி பைன் என்ற இன்னோர் இனம், அதே மலையில் சற்று மேலே வளர்கிறது. 1860-களில் உள்நாட்டுப் போரினால் தென் மாநில டர்பன்டைன் வராமல் போகவே, கலிபோர்னியாவில் பைன் பிசினைக் காய்ச்சி வடித்தார்கள். சில சமயம் கொப்பரை வெடித்துச் சிதறியது. ஜெஃப்ரி பைனின் பிசினில் இருப்பது, பெட்ரோலில் உள்ளதைப் போன்று குப்பென்று பற்றும் ஹெப்டேன் என்ற திரவம். பார்வைக்கு ஒன்றாக இருந்த இரண்டு மரங்களை வேறுபடுத்தத் தெரியாததால் வந்த வினை அது.

மர வியாபாரி தொடங்கிய நிலையம்

சியரா நெவாடாவின் மேற்குச் சரிவில் பிளாசர்வில் என்ற ஊர் இருக்கிறது. 1849-இல் தங்கம் தோண்ட ஓடிவந்தவர்களால் உண்டான ஊர். ஊருக்குக் கிழக்கே, கமினோ பக்கம், இன்று ஆப்பிள் தோட்டங்கள் பிரசித்தம். அந்தப் பகுதியில்தான் 1925-இல் ஜேம்ஸ் எடி என்ற மர வியாபாரி, தம் சொந்தப் பணத்தைப் போட்டு, காட்டு மரங்களைச் சீர்திருத்துவதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். பழ மரங்களிலும் பூச்செடிகளிலும் புதுப்புது ரகங்களை உண்டாக்கிப் புகழ் பெற்றிருந்த லூதர் பர்பாங்கின் வேலையைப் பார்த்து, அதைக் காட்டு மரத்திலும் ஏன் செய்யக்கூடாது என்று அவருக்குத் தோன்றியது. வெட்டுவதே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இந்த யோசனை வந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1935-இல் நிலையம் அமெரிக்க வனத்துறையின் கைக்கு மாறியது. வன மரபியல் நிலையம் என்பது அதன் பெயர்.

காட்டு மரத்தைச் சீர்திருத்துவதென்றால் முதலில் காட்டில் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டும். நெல்லில் ஓர் ஆண்டுக்கு இரண்டு, மூன்று பயிர் பார்த்து ரகத்தைத் தரம் பிரித்துவிடலாம். பைனில் கூம்பு காய்த்து முற்றுவதற்கே இரண்டு பருவம் வேண்டும். மரம் வளர்ந்து தன் குணத்தைக் காட்டுவதற்கு ஒரு விஞ்ஞானியின் உத்தியோக காலம் போதாது. ஆகவே ஒருவர் நட்டு, மற்றொருவர் அளந்து, மூன்றாமவர் முடிவு எழுதும்படியாக இந்த வேலை நடந்தது.

மூன்று உயரத்தில் ஒரு பரீட்சை

சியராவின் மேற்குச் சரிவு இத்தகைய பரீட்சைக்கென்றே அமைந்தது போன்றது. அடிவாரத்தில் கோடை நீண்டது, சுடுவது. பனி விழுவது அபூர்வம். மேலே ஏற ஏற மழை கூடும், குளிர் கூடும். 5,000 அடிக்கு மேல் குளிர்காலம் முழுவதும் ஆள் உயரத்துக்குப் பனி குவியும் ஆண்டுகள் உண்டு. அங்கே மழையும் பனியும் குளிர்காலத்தில்தான். கோடையில் வானம் வறண்டு கிடக்கும். எனவே மரம் வளர்வதற்குக் கிடைக்கும் நாள்கள் அடிவாரத்தில் ஒரு கணக்கு, முகட்டில் ஒரு கணக்கு. இந்த மாற்றமெல்லாம் ஒரு நாளில் காரில் ஏறி இறங்கிவிடக்கூடிய தூரத்துக்குள் அடங்கியிருக்கிறது.

இந்தச் சரிவில் அடிவாரத்திலிருந்து மேல்மலை வரை, வெவ்வேறு உயரத்தில் நின்ற பாண்டரோசா மரங்களிலிருந்து கூம்பு பறித்தார்கள். தாய்மரம் தாய்மரமாகப் பிரித்து விதையெடுத்து நாற்று விட்டார்கள். எந்த நாற்று எந்தத் தாயின் பிள்ளை, அந்தத் தாய் எத்தனை அடியில் நின்றது என்பதெல்லாம் கணக்கில் இருந்தது. பிறகு எல்லா நாற்றுகளையும் கலந்து மூன்று இடங்களில் 1938-இல் நட்டார்கள். கீழ்த் தோட்டம் 960 அடியில். நடுத் தோட்டம் 2,730 அடியில், நிலையத்தின் அருகே. மேல் தோட்டம் 5,650 அடியில். அதாவது ஏறத்தாழ 290, 830, 1,720 மீட்டர்கள்.

மூன்று இடத்திலும் நட்டதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மலைமேல் நிற்கும் மரம் குட்டையாக இருந்தால் அது குளிரினால் குட்டையா, பிறவியிலேயே குட்டையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதன் விதையைக் கீழே கொண்டுவந்து, கீழ்மலை மரத்தின் பிள்ளையோடு ஒரே வரிசையில் நட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல மண்ணிலும் அது மெதுவாகவே வளர்ந்தால், மெதுவாக வளர்வது அதன் ரத்தத்தில் ஊறியது என்று பொருள். ஏறக்குறைய அதே காலத்தில் கிளாசன், கெக், ஹீஸி என்ற மூன்று விஞ்ஞானிகள் இதே சியரா மலையில் சிறு செடிகளைக் கொண்டு இப்படியே செய்து வந்தார்கள். 1940-இல் வெளியான அவர்களுடைய முடிவுகள் தாவரவியலில் பெரிய பெயர் பெற்றன. ஆனால் அவர்கள் கையாண்டவை சில ஆண்டுகளில் பதில் சொல்லிவிடும் செடிகள்.

12-ஆம் ஆண்டில் தெரிந்தது

முதல் கணக்கு 12 ஆண்டுகள் கழித்து எடுக்கப்பட்டது. மிரோவ், டஃபீல்ட், லிடிகோட் ஆகிய மூவர் 1952-இல் அதை வெளியிட்டார்கள். ரஷ்யாவில் பிறந்த மிரோவ், பைன்களின் பிசினை ஆராய்வதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். மேலே சொன்ன கொப்பரை வெடித்த கதையை விளக்கியவரும் அவரே.

இளமையில் நன்றாக வளர்ந்தவை நடுமலை மரங்களின் பிள்ளைகள். கீழ்த் தோட்டத்திலும் அவைதான் முந்தின. நடுத் தோட்டத்திலும் அவைதான் முந்தின. மேல் தோட்டத்தில் கூட ஆரம்பத்தில் அவையே உயர்ந்து நின்றன. மேல்மலை விதைகள் எல்லா இடத்திலும் பின்தங்கின. அடிவாரத்து விதைகள் தங்கள் சொந்த மண்ணிலேயே நடுமலை விதைக்கு ஈடு கொடுக்கவில்லை.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. நடுமலையில் மழையும் போதுமானது, வளரும் காலமும் நீளமானது. அங்கே காடு நெருக்கமாக இருக்கும். பக்கத்து மரத்தை முந்தி வெளிச்சத்தைப் பிடித்தது பிழைக்கும். பிந்தியது நிழலில் மடியும். தலைமுறை தலைமுறையாக இந்தப் போட்டியில் தேறி வந்தவை அந்த மரங்கள். அடிவாரத்து மரத்துக்குக் கோடை வறட்சியைக் கடப்பதே பெரும்பாடு. மேல்மலை மரத்துக்குப் பனிக்கு முன்னால் வேலையை முடித்துக்கொள்வது முக்கியம். அவசரப்பட்டு உயரமாக வளர்வதில் அவற்றுக்கு லாபம் இல்லை.

அன்றைக்கு இந்த முடிவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வியாபாரி கிளம்பியிருந்தால், மலை முழுவதற்கும் நடுமலை விதையே உத்தமம் என்று விற்றிருப்பார். வாங்குவதற்கும் ஆள் இருந்திருக்கும். 12 ஆண்டு என்பது குறைந்த காலமா என்ன?

29-ஆம் ஆண்டில் தெரிந்தது

தோட்டங்களை நிலையத்தார் விட்டுவிடவில்லை. 20-ஆம் ஆண்டுக் கணக்கைக் கலஹாமும் லிடிகோட்டும் 1961-இல் வெளியிட்டார்கள். 29-ஆம் ஆண்டுக் கணக்கைத் தாம்ப்ஸன் காங்கிள் 1973-இல் வெளியிட்டார்.

கீழ்த் தோட்டத்திலும் நடுத் தோட்டத்திலும் பெரிய மாறுதல் இல்லை. மேல் தோட்டத்தில்தான் கதை திரும்பியது. முதல் இருபது ஆண்டுகளில் பின்தங்கி, நோஞ்சான்கள் போல நின்ற மேல்மலை விதையின் மரங்கள், மெல்ல மெல்ல ஏறி, நடுமலை மரங்களை எட்டிப் பிடித்துவிட்டன. கீழிருந்து வந்த விதைகளின் மரங்களோ பனிப் பளுவுக்கு வளைந்தும் முறிந்தும் சேதப்பட்டன. நாற்றாக இருந்தபோது பனிக்குள் மூடிப் பத்திரமாகக் கிடந்தவை, தலை தூக்கிக் கிளை பரப்பிய பிறகுதான் பனியின் எடையை முழுமையாகச் சுமக்க நேர்ந்தது. பத்தாண்டுக்கு ஒன்று, இருபதாண்டுக்கு ஒன்று என்று வரும் கடும் பனிக்காலமும் அப்போதுதான் தன் கைவரிசையைக் காட்டுகிறது.

நெல் விவசாயிக்கு இது புரியாத விஷயமல்ல. நாற்றங்காலில் செழித்து நின்ற பயிர் கதிர் பிடிக்கும் நேரத்தில் சாய்ந்துவிட்டால், நாற்றங்காலின் செழிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வேறுபாடு ஒன்றுதான். நெல்லில் அடுத்த பருவமே விதையை மாற்றிவிடலாம். பைனில் அந்தத் தவற்றின் விலை ஒரு தலைமுறை.

ஐரோப்பாவில் அந்த விலையை முன்பே கொடுத்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விதை வியாபாரிகளிடமிருந்து மலிவாகக் கிடைத்த பைன் விதையை ஸ்வீடனில் வாங்கி விதைத்தார்கள். வடக்கின் குளிரில் அந்த மரங்கள் கோணல்மாணலாக வளர்ந்து, நோய்க்கும் இரையாயின. உள்ளூர்ப் பைனும் அந்த ஜெர்மன் பைனும் ஒரே இனம் என்பதால் வாங்கியவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

மொட்டுக்குள் அடங்கிய அடுத்த ஆண்டு

ஒரே இனத்துக்குள் இந்த வித்தியாசம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மொட்டைப் பார்க்கவேண்டும். பாண்டரோசாவில் அடுத்த வசந்தத்தில் நீளப்போகும் தண்டின் பெரும்பகுதி, இந்தக் கோடையின் முடிவிலேயே நுனிமொட்டுக்குள் சுருட்டி மடித்து வைக்கப்பட்டுவிடுகிறது. வசந்தத்தில் அது விரிகிறது, அவ்வளவே. மேல்மலை மரம் வளர்ச்சியைச் சீக்கிரம் முடித்து, மொட்டைச் சீக்கிரம் கட்டி, தண்டைக் கெட்டிப்படுத்திக்கொண்டு குளிருக்குத் தயாராகிவிடும். கீழ்மலை மரம் சாவகாசமாக வளரும். அதை மேலே கொண்டுபோய் நட்டால், அங்கும் அதே சாவகாசம்தான். தண்டு முற்றுவதற்குள் இலையுதிர்காலத்து உறைபனி வந்து நுனியைக் கருக்கிவிடலாம். இடம் மாறினாலும் அதன் உள்ளேயுள்ள பஞ்சாங்கம் மாறாது. நாள் நீளத்தைப் பார்த்துக் கதிர்விடும் பழைய சம்பா நெல் வகைகளைப் பருவம் தவறி விதைத்தவர்களுக்கு இந்தப் பிடிவாதம் பழக்கமானது.

விதைக்குள் பார்த்தது

காங்கிளும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970-களில் இன்னொரு வழியைப் பிடித்தார்கள். மரம் வளரும்வரை காத்திராமல், விதைக்குள்ளேயே மரபைப் பார்ப்பது. பைன் விதையை உடைத்தால் முளைக்கருவைச் சுற்றி வெண்மையான பருப்பு இருக்கும். முளைக்கருவில் தாயின் பங்கு 12 குரோமோசோம், தந்தையின் பங்கு 12, ஆக 24. பருப்பில் இருப்பது தாயின் 12 மட்டும். ஆகவே பருப்பைத் தனியாகச் சோதித்தால் தாய் கொடுத்தது என்ன என்று நேராகத் தெரியும். முளைக்கருவோடு ஒப்பிட்டால் காற்றில் வந்த மகரந்தம் கொடுத்தது என்ன என்பதும் தெரியும். பருப்பை நசுக்கிச் சாறெடுத்து, மாவுக்கூழ்ப் படலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், நொதிகள் தத்தம் தன்மைக்கேற்ப வெவ்வேறு தூரம் ஓடிக் கோடு கோடாக நிற்கும்.

இந்த முறையில் பல ஊசியிலை மரங்களைச் சோதித்தபோது எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. நொதிகளில் காணும் வேற்றுமையில் மிகப் பெரும்பகுதி ஒவ்வொரு தோப்புக்குள்ளும், மரத்துக்கு மரம் இருந்தது. தோப்புக்குத் தோப்பு இருந்த வேற்றுமை மிகச் சிறிது. பைனின் மகரந்தம் மஞ்சள் புகை போலக் காற்றில் கிளம்பி வெகுதூரம் போகும். மலை முழுவதும் ஒரே கலப்பு. அப்படியானால் கீழ்மலை மரமும் மேல்மலை மரமும் ஒன்றாகிப்போயிருக்க வேண்டுமே? மூன்று தோட்டங்களும் அப்படி இல்லை என்று கண்முன் காட்டுகின்றனவே!

இரண்டும் உண்மைதான். காற்று கலக்கிக்கொண்டே இருக்கிறது. மலை பொறுக்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் பல்லாயிரம் முளைகளில் அந்த உயரத்துப் பனிக்கும் வறட்சிக்கும் தாங்காதவை மடிந்து, தாங்கியவை மட்டும் மரமாகின்றன. பிழைப்புக்குச் சம்பந்தமில்லாத நொதிகளில் இந்தப் பொறுக்கல் தெரியாது. வளர்ச்சி, மொட்டு கட்டும் காலம், குளிர் தாங்கும் சக்தி ஆகியவற்றில் தெரியும். கொலராடோ மாநிலத்தில் 1977-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரே பள்ளத்தாக்கின் வெயில் படும் சரிவிலும் நிழல் சரிவிலும் நின்ற பாண்டரோசா மரங்களுக்குள்ளேயே சில நொதியின் விகிதம் மாறியிருப்பதைக் கண்டார்கள். மகரந்தம் தாராளமாகக் கடந்துபோகும் தூரம் அது.

எல்லா ஊசியிலை மரமும் இப்படி இடத்தோடு ஒட்டிக்கொண்டவை என்றும் சொல்லிவிட முடியாது. ஐடஹோ மாநிலத்தில் பல ஆண்டுகள் இதே வேலையில் இருந்த ஜெரால்ட் ரேஃபெல்ட், மரத்துக்கு மரம் எவ்வளவு வேறுபாடு என்பதை ஓர் அளவுகோலில் காட்டினார். உறைபனி இல்லாத நாள்கள் ஓர் ஆண்டில் எத்தனை என்பதே அந்த அளவுகோல். டக்ளஸ் ஃபர் மரத்தில், இரண்டு இடங்களுக்கிடையே 18 நாள் வித்தியாசம் இருந்தாலே மரங்களின் மரபில் வேற்றுமை தெரிந்துவிடும். பாண்டரோசாவுக்கு 38 நாள். மேற்கத்திய வெள்ளைப் பைனுக்கு 90 நாள் வேண்டும். அதாவது வெள்ளைப் பைன் விதையை மலையில் ஓரளவு மேலும் கீழும் மாற்றி நட்டாலும் பாதகமில்லை. டக்ளஸ் ஃபரில் அப்படி விளையாடக்கூடாது. பாண்டரோசா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

500 அடிக்கு ஒரு பட்டை

இந்தப் பாடங்களையெல்லாம் வைத்து, 1970-இல் கலிபோர்னியாவுக்கு விதை மண்டல வரைபடம் ஒன்று வெளியிட்டார்கள். மாநிலம் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. மண்டலத்துக்குள் 500 அடிக்கு ஒரு பட்டை. எந்த மண்டலத்தில், எந்தப் பட்டையில் பறித்த கூம்போ, அந்த விதையை அங்கேயே நடவேண்டும் என்பது பொது விதி. காட்டில் கூம்பு பறிப்பவர் மூட்டையிலேயே மண்டல எண்ணையும் உயரத்தையும் ஆண்டையும் எழுதிக் கட்டிவிட வேண்டும். சீட்டு தொலைந்தால் விதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை நம்பி நட முடியாது.

ஆனால் இந்த விதி ஒன்றை நம்பி எழுதப்பட்டது. மரம் நிற்கும் இடத்தின் சீதோஷ்ணம் மாறாது என்பது அந்த நம்பிக்கை. 2012 முதல் 2016 வரை கலிபோர்னியாவைக் கடும் வறட்சி வாட்டியது. தண்ணீரில்லாத மரம் பிசின் சுரக்காது. பிசின் இல்லாத மரத்தைப் பட்டை வண்டு எளிதில் வென்றுவிடும். 2010-க்கும் 2017-க்கும் இடையில் அந்த மாநிலத்தில் 12 கோடியே 90 லட்சம் மரங்கள் மடிந்ததாக அமெரிக்க வனத்துறை விமானத்திலிருந்து பார்த்துக் கணக்கிட்டது. சியராவின் தென்பகுதியில் பாண்டரோசாவுக்குப் பலத்த அடி. அவை வேறிடத்திலிருந்து வந்த விதையில் முளைத்தவை அல்ல. பெரும்பாலும் அந்தந்த இடத்திலேயே தானாக முளைத்த உள்ளூர் மரங்கள். உள்ளூர் விதைக்கே உள்ளூர் சீதோஷ்ணம் ஒத்துக்கொள்ளாமல் போகத் தொடங்கிவிட்டது எனலாம்.

எனவே நடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இன்னும் வெப்பமான பட்டையில் எடுத்த விதையையும் ஒரு பங்கு சேர்த்து நடவேண்டும் என்று இன்று பல வனவியலாளர்கள் சொல்கிறார்கள். இப்போது நடும் நாற்று எண்பது, நூறு ஆண்டுகள் நிற்கவேண்டியது. அப்போது இந்த 4,000 அடி, இன்றைய 3,000 அடியைப் போல வெப்பமாக இருக்கக்கூடும் என்பது அவர்கள் வாதம். எந்த ஊர் விதை எந்த ஊரின் எதிர்காலச் சீதோஷ்ணத்துக்குப் பொருந்தும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டுக் காட்டும் வசதியும் வந்துவிட்டது.

வாதம் சரியாகவே தோன்றுகிறது. ஆனாலும் 5,650 அடித் தோட்டத்தில் பனிக்கு முறிந்த மரங்களை மறந்துவிட முடியாது. சராசரி வெப்பம் ஏறினாலும் ஓர் ஆண்டுக் கடும்பனி வராமலே போய்விடுமா? நூறாவது ஆண்டுக்குப் பொருந்தும் விதை, முதல் இருபது ஆண்டுகளின் பனியைத் தாண்டினால்தானே நூறைப் பார்க்கும்? ஆகவே ஒரேயடியாக வெகுதூரம் கீழிருந்து கொண்டுவராமல் ஒன்றிரண்டு பட்டை கீழிருந்து எடுப்பதும், உள்ளூர் விதையோடு கலந்து நடுவதும்தான் பெரும்பாலோர் கைக்கொள்ளும் வழியாக இருக்கிறது. நெருக்கி நட்டால் தாங்காததைப் பனியும் வறட்சியுமே கழித்துவிடும்.

விதை கிடைப்பதுதான் பாடு

விதையைத் தீர்மானிப்பது ஒருபுறம் இருக்க, விதை கையில் இருக்கவேண்டுமே. பாண்டரோசா ஆண்டுதோறும் காய்ப்பதில்லை; நல்ல காய்ப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். காய்த்த ஆண்டில், கூம்பு முற்றித் திறப்பதற்கு முந்திய சில வாரங்களுக்குள் பறித்தாக வேண்டும். பொறுத்தால் செதில் விரிந்து விதை காற்றில் போய்விடும். முந்தினால் விதை பதராக இருக்கும். அணில்களும் பறவைகளும் நமக்காகக் காத்திருப்பதில்லை. மரமேறிகள் இடுப்பில் கயிறு கட்டி உச்சிக்குப் போய், முதலில் சில கூம்புகளைப் பறித்து நீளவாக்கில் இரண்டாக வெட்டிப் பார்ப்பார்கள். வெட்டு முகத்தில் பருப்பு நிறைந்த விதைகள் எத்தனை தெரிகின்றன என்று எண்ணி, போதுமானவை இருந்தால்தான் அந்த மரத்தில் பறிப்பு.

கூம்புகளை உலர்த்தி, உதிர்ந்த விதையின் இறக்கையைத் தேய்த்து நீக்கி, ஈரம் குறைத்து, உறைநிலைக்குக் கீழே குளிரூட்டிய அறையில் வைத்தால் பல ஆண்டுகள் முளைப்புத் திறன் கெடாது. ஒரு பவுண்டில் சுமார் 12,000 விதைகள் இருக்கும். விதைப்பதற்கு முன் ஊறவைத்து, சில வாரங்கள் குளிரில் ஈரத்தோடு வைத்திருந்தால் ஒன்றுபோல் முளைக்கும். டேவிஸ் நகரிலுள்ள மாநில விதைக் கிடங்கில் இப்படி மண்டலவாரியாக, பட்டைவாரியாக விதை சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. பெருந்தீக்கள் அடுத்தடுத்து வந்தபோது, சில பட்டைகளின் விதைக்குத் தட்டுப்பாடு என்பது பெரும் பிரச்னையாகிவிட்டது. விதை தரவேண்டிய தாய்மரங்களே பல இடங்களில் எரிந்துவிட்டன. 2014-இல் ஏறக்குறைய 98,000 ஏக்கரை எரித்த 'கிங்' தீ, 2021-இல் கால்டர் தீ என்று ஒரே கவுண்டியில் ஏழாண்டு இடைவெளியில் இரண்டு பெருந்தீக்கள் வந்தன.

எனவே நல்ல காய்ப்பு தெரிந்த ஆண்டில், ஆகஸ்டு கடைசியிலிருந்தே மரமேறிகளுக்கு ஓய்வு கிடையாது. அடிவாரத்தில் கூம்பு முதலில் முற்றும். அங்கே முடித்துவிட்டு, பட்டை பட்டையாக மேலே ஏறிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு பட்டை தாண்டும்போதும் மூட்டையில் கட்டும் சீட்டின் எண் மாறுகிறது.